வெயிலுக்கு உரியவர் யார்?

சிலப்பதிகாரத்தைத் தொடங்கும் இளங்கோவடிகள் முதலில் திங்களை வாழ்த்துகிறார், அடுத்து ஞாயிற்றை, அதன்பின் மழையை. மன்னன் மாளிகைக்கும் ஆயர் குடிசைக்கும் வேறுபாடு பாராது பயன்தரும் பொருள்கள் இவை. தைத் திங்கள் முதல் நாளில் புதுப்பானை ஏற்றிக் கதிரவனுக்கு நன்றி கூறும் தமிழர் வழக்கத்திலும் இவ்வெண்ணமே உறைந்திருக்கிறது. நெல்லுக்கு விலை உண்டு. நிலத்திற்கு வரி உண்டு. ஏரி நீருக்குக்கூட ஊர்தோறும் முறைவைத்துப் பங்கீடு உண்டு. வெயிலுக்கு மட்டும் எந்த அரசனும் வரி விதித்ததாகத் தெரியவில்லை. அரசர்களின் பெருந்தன்மையைக் காட்டிலும், வெயிலை அளந்து விற்கும் வழி எவருக்கும் புலப்படாதிருந்தமையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றால், அது குறும்புப் பேச்சாகத் தோன்றக்கூடும். ஆயினும் பின்னர் நிகழ்ந்தவை அதனை மெய்ப்பிக்கின்றன.

அவ்வழி இன்று புலப்பட்டுவிட்டது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் சிலிக்கனால் ஆகிய ஒளிமின்கலத்தைப் பயன்படத்தக்க வகையில் உருவாக்கிக் காட்டினர். தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கினை அஃது மின்சாரமாக்கியது. இன்று சந்தைக்கு வரும் தகடுகள் 20 பங்குக்கு மேலும் ஆக்குகின்றன. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் ஆற்றலைக் கொட்டுகிறது என்பதை அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்வதுண்டு. கொட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கே கைக்கு எட்டுகிறது என்பதனால், மிகுதியான மின்சாரம் வேண்டுவோர் மிகுதியான பரப்பில் தகடு விரித்தாக வேண்டும். ஒரு மெகாவாட் திறனுக்கு 4 முதல் 6 ஏக்கர் வரை நிலம் வேண்டியிருக்கிறது. இராசத்தானத்தின் பட்லா மின்பண்ணை 14,000 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. தமிழகத்தின் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் பண்ணைக்கு 2,500 ஏக்கர் தேவைப்பட்டது.

வீட்டுக் கூரைமீது நான்கு தகடுகளைப் பொருத்திக்கொள்வதில் அறச்சிக்கல் யாதும் இல்லை. சிக்கல் மின்பண்ணையில்தான் தொடங்குகிறது. வெயில் பொதுவானது, வெயில் விழும் நிலம் பொதுவானதன்று. நிலம் எவருடையதோ, அதன்மேல் விழும் வெயிலும் அவருடையதாகிவிடுகிறது. அந்நிலத்தில் உழைத்து உண்டவர், ஆடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர் ஆகியோருக்கு அவ்வெயிலில் பங்கு உண்டா? உண்டெனில், எந்த நியாயத்தினால்? ஆராயத்தக்க வினா இதுவே.

இதனை ஆராய்வதற்குக் கர்நாடக மாநிலத்தின் பாவகடா போன்று பொருத்தமான இடம் பிறிதொன்று கிடைப்பது அரிது. தும்கூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் வறண்ட வட்டம் அது. பல பத்தாண்டுகளாக மழை பொய்த்த ஆண்டுகளே அங்கு மிகுதி. நிலக்கடலை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதும், பெங்களூருக்குக் கூலி வேலை தேடிப் போவதுமே அவ்வூர் மக்களின் வாழ்க்கையாக இருந்தது. அங்குத் திருமணி, வள்ளூர் உள்ளிட்ட ஐந்து ஊர்களின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13,000 ஏக்கரை ஒன்றுசேர்த்து, அரசு சார்ந்த நிறுவனம் ஒன்று சூரிய மின்பூங்காவை அமைத்தது. முதற்பகுதி 2018 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. 2019 இறுதியில் பணி நிறைவுற்றபோது அதன் திறன் 2,050 மெகாவாட்.

இத்திட்டத்தை வகுத்தவர்கள் ஒன்றில் பாராட்டுக்குரியவர்கள். அவர்கள் நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. அரசாணையால் பறிக்கவும் இல்லை. கால் நூற்றாண்டு அளவுக்குக் குத்தகைக்கு எடுத்தனர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்றும், ஈராண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு 5 உயரும் என்றும் உடன்பாடு. நிலம் உழவன் பெயரிலேயே நிற்கும். இந்தியாவில் அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் நிலம் எடுக்கப்பட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். கடன் வாங்கி விதைத்துக் கருகிய பயிரைப் பார்த்து நின்ற உழவன், விதைக்காமலே ஆண்டுதோறும் உறுதியான வருவாய் பெறுகிறான். இதனை இழிவாகப் பேசுவோர் வறண்ட நிலத்தில் ஒருநாளேனும் ஏர்பிடித்திருக்க மாட்டார்கள். 13,000 ஏக்கருக்கும் கணக்கிட்டால் முதலாண்டுக் குத்தகைப் பணம் 27 கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

இப்பணம் எவருக்குச் சென்றது? பட்டா வைத்திருந்தோர்க்குச் சென்றது. பத்து ஏக்கர் உடையவர் பத்து மடங்கும், நூறு ஏக்கர் உடையவர் நூறு மடங்கும் பெற்றனர். கடலைக் காட்டில் களையெடுத்த பெண்டிர்க்கும், அறுவடைக் காலத்தில் கடலை ஆய்ந்து கூலி பெற்றோர்க்கும், தாளை ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொண்டுசென்றோர்க்கும் குத்தகைப் பணத்தில் பங்கில்லை. அவர்களிற் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. அரசுப் புறம்போக்கைப் பல்லாண்டு உழுது உண்டும் கையில் தாள் இல்லாதிருந்தவர்கள் வேறு. கம்பிவேலி எழுந்தபின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது, மந்தைகள் விற்கப்பட்டன. மின்பூங்கா தன் காவலுக்கும், புல் வெட்டுவதற்கும், தகடு துடைப்பதற்கும் சிலரை எடுத்துக்கொண்டது. எழுப்பும்போது ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படும் பண்ணை, எழுந்து நின்றபின் மிகச் சிலரையே வேண்டுகிறது. கமுதியிலும் அவ்வாறே. 8,500 பேர் எட்டுத் திங்களில் கட்டிமுடித்த பண்ணையில் இன்று தகடு துடைப்பவை தாமே இயங்கும் பொறிகள்.

ஈண்டு எழக்கூடிய மறுப்பினை மறைக்காமல் எடுத்துரைத்தல் வேண்டும். “நிலவுடைமையாளர் தம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார், அஃது அவர் உரிமை. கூலியாளுக்கு அன்றன்றைய கூலி அன்றன்றே கொடுக்கப்பட்டுவிட்டது, கணக்குத் தீர்ந்தது. நாளை வேலை கிடைக்கும் என்று எவரும் அவருக்கு வாக்களிக்கவில்லை. இதில் அநீதி எங்கே?” சட்டப்படி நோக்கின் இம்மறுப்பில் பிழையில்லை. அறத்தின்படி நோக்கும்போது இரண்டு இடங்களில் அது தளர்கிறது.

முதலாவது, அந்த 21,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது. நிலவுடைமையாளர் தம் உழைப்பால் அம்மதிப்பை உண்டாக்கவில்லை. வெயிலை அவர் படைக்கவில்லை. மின்சாரத்தை ஏற்றிச்செல்லும் உயரழுத்தக் கம்பிப் பாதையைப் பொதுப்பணம் அமைத்தது. உண்டாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக மாநில மின்வழங்கல் நிறுவனங்கள் உடன்பட்டன. இவற்றுள் எதுவும் இல்லாதிருந்தால் அதே நிலம் கடலையும் விளையாத மண்ணாகவே கிடந்திருக்கும். அமெரிக்க அறிஞர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் வெளியிட்ட ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூலின் மையக் கருத்து இதுவே: நிலத்தின் மதிப்பு உயர்வது சமுதாயத்தினால், ஆகவே அவ்வுயர்வில் சமுதாயத்துக்கு உரிமை உண்டு. நகர மனைகளை மனத்திற்கொண்டு அவர் எழுதியது வறண்ட நாட்டு மின்பண்ணைக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. உழவனுக்கு ஒன்றும் கொடுக்கலாகாது என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. அந்த மதிப்பு முழுவதற்கும் அவன் ஒருவனே உரியவன் என்னும் வாதம் மட்டுமே இதனால் விழுகிறது.

இரண்டாவது, கணக்குத் தீர்ந்தது என்னும் சொல். மலேசியாவில் 1980ஆம் ஆண்டின் விதிமுறைகள், ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு அவர் பணியாற்றிய ஆண்டுகளுக்கேற்பப் பணிநீக்கப் பயன் வழங்கவேண்டும் என்கின்றன. அத்தொழிலாளியும் திங்கள்தோறும் சம்பளம் பெற்றவரே. பின் எதற்காக இந்தப் பயன்? ஓரிடத்தில் நெடுங்காலம் உழைத்தவருக்கு அவ்விடத்தோடு ஓர் உறவு உண்டாகிறது. அதனை ஒருநாளில் அறுப்பவர் ஈடு செய்யவேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கடலைக் காட்டுப் பெண்ணுக்கும் அந்த உறவு உண்டு. அவருடைய முதலாளி ஒருவரல்லர், பலர். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாமையால் உரிமையும் இல்லை என்று முடிவுகட்டுவது எழுதுகோல் வைத்திருப்போர்க்கு எளிது.

மொழி ஆசிரியர்கள் சற்று நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. மின்பண்ணை பற்றிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘தரிசு’. “தரிசு நிலத்திற்றானே அமைக்கிறோம்” என்பர். தரிசு என்று எழுதியவர் வரி வாங்குவோர். வரி வராத நிலம் அவர் கண்ணுக்குப் பயனற்ற நிலம். புறம்போக்கு என்னும் சொல்லின் கதையும் அதுவே. வரிக் கணக்குக்குப் புறமாக நிறுத்தப்பட்ட ஊர்ப்பொது நிலத்தைக் குறித்த நல்ல சொல், நாளடைவில் ஆளை இகழும் வசைச் சொல்லாகிவிட்டது. கூலியாளின் கண்கொண்டு பார்த்தால் தரிசு வேறாகத் தோன்றும். இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலங்காட்டை எல்லாரும் பழிக்கின்றனர்; அக்காட்டை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பிழைக்கும் குடும்பங்கள் அங்குப் பல.

மேற்கு இராசத்தானத்தில் இச்சொல் செய்யும் தீங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கு ஊர்த் தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாது காத்துவரும் ‘ஓரண்’ என்னும் பொதுக்காடுகள் பல, வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு என்றே பதிவாகியுள்ளன. ஒட்டகமும் ஆடும் மேய்வது அங்கேதான். கேஜ்ரி என்று அம்மக்கள் போற்றும் மரமும் அங்கு வளர்கிறது. அது வேறொன்றுமன்று, தமிழகக் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னியே. 1730இல் சோத்பூர் அரசனின் ஆட்கள் அம்மரங்களை வெட்ட வந்தபோது, கேஜர்லி என்னும் ஊரில் அம்ரிதா தேவி என்னும் பெண்மணி முதலாகப் பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர்நீத்தனர் என்பது அந்நாட்டார் போற்றும் வரலாறு. அதே மரங்கள் அண்மை ஆண்டுகளில் சூரிய மின்பண்ணைகளுக்காக வெட்டப்படுவதும், மக்கள் அதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்வதும் நிகழ்கின்றன. கானமயில் என்று தமிழில் வழங்கும் அரிய பறவை, மின்பண்ணைகளிலிருந்து செல்லும் உயரழுத்தக் கம்பிகளில் மோதி மடிவது இந்திய உச்ச நீதிமன்றம் வரை வழக்காகச் சென்றது. புவியைக் காப்பதற்கென்று எழுந்த பண்ணைக்காக, புவியைக் காத்த மரம் வீழ்கிறது.

இவற்றையெல்லாம் கூறியபின், “அப்படியாயின் சூரிய மின்பண்ணையே வேண்டா என்கின்றீரா?” என்று மாணவர் ஒருவர் கேட்பாராயின், அவருக்கு நேரான விடை தரவேண்டும். வேண்டும் என்பதே விடை. நிலக்கரியை எரிப்பதனால் வானில் சேரும் கரியமில வாயு புவியை வெப்பமாக்குகிறது. அவ்வெப்பத்தால் மழை பொய்க்கும்போது முதலில் பட்டினி கிடப்பவரும் பாவகடாவின் கூலியாள் போன்றவரே. நிலக்கரிச் சுரங்கத்துக்காக வீடிழந்தோர் தொகை சிறிதன்று. மின்விளக்கின் கீழமர்ந்து, மின்விசிறி சுழல, மின்பண்ணையைப் பழிப்பவர் தம் மின்சாரம் எங்கிருந்து வரவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நோக்கம் உயர்ந்தது என்பதனால் அதற்கான விலையைக் கேளாமலே சிலர் தலையில் ஏற்றலாம் என்பது பொருந்தாது. உலகம் முழுவதும் பெறும் நன்மைக்கு விலை கொடுக்கவேண்டியவர் உலகத்தார். ஐந்து ஊர்களின் நிலமற்றோர் மட்டும் அதனைக் கொடுப்பது எவ்வகையிலும் முறையாகாது.

பண்ணையை நடத்தும் முறையிலும் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. தகட்டில் தூசு படிந்தால் மின்சாரம் குறையும். வறண்ட நாட்டில் தூசு மிகுதி, தண்ணீர் குறைவு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பலருக்கு வேலை கிடைக்கும். ஊரின் குடிநீர் குறையும். பொறியால் உலர்முறையில் துடைத்தால் தண்ணீர் மிஞ்சும், வேலை போகும். நல்லவர் ஒருவர் பண்ணையின் மேலாளராக அமர்ந்தாலும் இவ்விரண்டனுள் ஒன்றை அவர் கைவிட்டாக வேண்டும். எண்ணிப்பார்த்தால் தண்ணீரைக் காப்பதே சரி. ஆனால் பொறியினால் மிச்சமாகும் கூலி நிறுவனத்தின் ஆதாயத்தில் சேர்வதா, வேலை இழந்த ஊருக்குச் சேர்வதா என்பதை எந்தப் பொறியாளரும் தீர்மானிக்க இயலாது. தகடுகளின் அடியில் ஆடு மேயவிட்டால் புல் வெட்டும் செலவு குறைகிறது. ஆடுகளுக்கு நிழலும் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இவ்வாறு செய்கின்றனர். மந்தையை விற்றுவிட்டுப் போனவனை அழைத்து வேலிக்கதவைத் திறந்துவிடுவதற்குப் பெரிய அறிவியல் ஒன்றும் வேண்டியதில்லை.

நிலமே இல்லாத சிங்கப்பூர் வேறொரு வழி கண்டது. 2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தின்மீது 1,22,000 தகடுகள் மிதக்கவிடப்பட்டன. 45 எக்டர் நீர்ப்பரப்பு. 60 மெகாவாட் திறன். நீர்வாழ் உயிர்களுக்கு ஒளியும் காற்றும் கிடைக்கத் தகடுகளுக்கிடையே இடைவெளி விட்டனர். அங்கு உண்டாகும் ஆற்றல் நாட்டின் குடிநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களின் தேவைக்கு ஈடாகிறது. பொது நீரின்மேல் விழும் பொது வெயில், பொதுப் பயனுக்கே திரும்புகிறது. பெயர்த்தெறிய அங்கு உழவரோ கூலியாளோ இல்லை என்பதனால் இது எளிதாயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மலேசியாவின் நிலை அவ்வளவு எளிதன்று. 2016 முதல் பெரிய அளவிலான சூரிய மின்நிலையங்களுக்கு அரசு ஏலமுறையில் உரிமம் வழங்கி வருகிறது. கெடாவின் குருண், மலாக்காவின் ஜாசின், திரெங்கானுவின் மெர்ச்சாங் ஆகிய இடங்களில் ஒவ்வொன்றும் 50 மெகாவாட் அளவில் பண்ணைகள் எழுந்தன. செம்பனைத் தோட்ட நிறுவனங்கள் சில, தம் நிலத்தைச் சூரிய மின்பண்ணைக்கும் பயன்படுத்த முன்வந்துள்ளன. தோட்டம் கைமாறும்போதும் உருமாறும்போதும் அதில் உழைத்தவர்க்கு நேர்வது யாது என்பதை இந்நாட்டுத் தமிழர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், பின்னர் பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நகரங்களாகவும் மாறியதும் கண்கூடு. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர், அந்த மண்ணில் ஒரு பிடிகூடத் தமக்கு உரியதன்று என்பதை வெளியேறும் நாளிலேதான் முழுமையாக உணர்ந்தனர். நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அதனைக் காடழித்துத் தோட்டமாக்கியவரின் பேரப்பிள்ளைகள் மலிவு வீட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தனர்.

அந்நாளில் கைகட்டி நில்லாதோரும் இருந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக்கொண்டு தோட்டங்களையே வாங்கிற்று. துண்டாடப்பட்ட பரப்பை நோக்க அது வாங்கியது சிறிதே. ஆயினும் நிலத்தில் உழைப்பவர் நிலத்தின் பங்குதாரராகவும் ஆகலாம் என்பதை அது நடைமுறையில் காட்டியது. குசராத்தின் துண்டி என்னும் சிற்றூரில் 2016இல் உழவர் அறுவர் சூரிய மின்கூட்டுறவு ஒன்றை அமைத்து, நீரிறைத்தது போக எஞ்சிய மின்சாரத்தை விற்றனர். அவர்களும் நிலமுடையோரே. நிலமற்றோரைப் பங்குதாரராக்கும் மின்பண்ணையே இன்னும் தேவைப்படுவது. குத்தகைப் பணத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு அவ்வூரின் நிலமற்ற குடும்பங்களுக்கு என்று உடன்படிக்கையில் ஒரு வரி சேர்த்தால் மின்சாரத்தின் விலை எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பாவகடாவின் 27 கோடியில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் முதலாண்டுக்கு 2 கோடியே 70 இலட்சம் ரூபாய். 2,050 மெகாவாட் மின்பூங்கா தாங்கமுடியாத சுமையா அது?

தகடுகளின் ஆயுள் 25, 30 ஆண்டுகள். பாவகடாவின் குத்தகையும் ஏறத்தாழ அக்கால அளவில் முடியும். அப்போது தகடுகளைக் கழற்றிச் செல்வதும், மண்ணில் ஊன்றிய தூண்களைப் பிடுங்குவதும், உடைந்தவற்றை எங்கே கொண்டு கொட்டுவது என்பதும் பெரும் வழக்காகும். பட்டாப்படி நிலம் உரியவரின் மக்களிடம் திரும்பும். கடலை விதைக்கத் தெரிந்தவரும் களையெடுக்கத் தெரிந்தவரும் அதற்குள் பெங்களூரின் கட்டுமானப் பணிகளில் முதுமை எய்தியிருப்பர். அவர்களுடைய பிள்ளைகளைத் தேடிச் சென்று, “நிலம் திரும்பிவிட்டது, வாருங்கள்” என்று அழைக்கும் கடமை எந்த ஒப்பந்தத்திலும் எவர்மீதும் சுமத்தப்படவில்லை.